ஆறு ஆல்பங்கள், பதினைந்து சீட்டுகள்: ராப் கலைஞரின் ஆல்பங்களை வரிசைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற தீபாவளிக்குச் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்கு 18 வயது, தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முறுக்குத் தட்டுக்கு மேலாகக் கைப்பேசியை நீட்டி, "மாமா, இதுதான் சரியான வரிசை" என்றான். அமெரிக்க ராப் கலைஞர் கெண்ட்ரிக் லமாரின் ஆறு ஆல்பங்கள். முதலிடத்தில் 2024இல் வந்த ஜிஎன்எக்ஸ். நான் தலையில் வைத்துக் கொண்டாடும் குட் கிட் மேட் சிட்டி நான்காவது. கடைசியில் கிடந்தது டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை.

அரை மணி நேரம் வாக்குவாதம். "இதையெல்லாம் முழுதாகக் கேட்டிருக்கிறாயா?" என்று மடக்கினேன். மூன்றைத்தான் முழுதாகக் கேட்டிருந்தான். நான் சிரித்தேன். அவன் விடவில்லை. "நீங்கள் பட்டர்ஃப்ளையைக் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டீர்கள்?" என்றான். எண்ணிப் பார்த்தேன். ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். "தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை, மாமனும் மருமகனும் எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்று அக்கா வந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

தேர்வு முடிந்த பிறகு டிசம்பரில் நாங்கள் இருவரும் ஒழுங்காக உட்கார்ந்து செய்த வேலைதான் கீழே இருப்பது. எடுத்துக்காட்டு கெண்ட்ரிக் லமார். முறை எந்த ராப் கலைஞருக்கும் பொருந்தும்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஐந்திலிருந்து பத்து ஆல்பங்கள் வரை உள்ளவராகப் பாருங்கள். லாரின் ஹில் தனியாக வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பம் 1998இல் வந்த ஒன்றுதான். அங்கே வரிசைக்கு வேலை இல்லை. ஜே-ஸீக்குத் தனி ஆல்பங்களே 13. முதல் முயற்சியில் அதைத் தொட்டால் பாதியில் களைத்துவிடுவீர்கள். அவுட்காஸ்ட் இரட்டையர் 1994 முதல் 2006 வரை வெளியிட்டவை ஆறு. கைக்கு அடக்கமான எண்ணிக்கை.

தமிழ் ராப்பில் செய்ய முடியாதா என்று மருமகன் கேட்டான். ஆசைதான். ஆனால் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட வல்லவன் ஒரு தலைமுறையையே எழுப்பிவிட்டது என்றாலும் ஓர் ஆல்பத்தை எதனோடு ஒப்பிடுவது? நம் ஊர் யங் ராஜாவும் தனிப்பாடல்களால் அறியப்பட்டவர். பாடல்களை வரிசைப்படுத்துவது வேறு விளையாட்டு, அதற்கு வேறு விதிகள்.

படி 2: எது ஆல்பம், எது இல்லை

இதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் நடுவழியில் சண்டை வரும். எங்களுக்கு வந்தது. 2016இல் வெளியான கெண்ட்ரிக்கின் அன்டைட்டில்ட் அன்மாஸ்டர்டில் எட்டுப் பாடல்கள். பட்டர்ஃப்ளை காலத்துப் பதிவுகளில் மிஞ்சியவற்றைத் திரட்டிய தொகுப்பு. பாடல்களுக்குப் பெயர்கூட இல்லை, எண்ணும் தேதியும்தான். அதைச் சேர்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். கெண்ட்ரிக்கே ஆல்பம் என்று நினைத்துச் செய்யாத ஒன்றை, நினைத்துச் செய்தவற்றோடு மோதவிடுவது அநியாயம் என்று நான் சொன்னேன். நாணயம் சுண்டினோம். அது வெளியே போனது. 2018இல் ஒரு திரைப்படத்துக்காக அவர் பொறுப்பேற்றுத் தொகுத்த பாடல்களும் வெளியே.

மிஞ்சியவை ஆறு: செக்‌ஷன் எயிட்டி 2011, குட் கிட் மேட் சிட்டி 2012, டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை 2015, டேம்ன் 2017, மிஸ்டர் மொரால் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ் 2022, ஜிஎன்எக்ஸ் 2024.

கூடுதல் பாடல்கள் சேர்த்த சிறப்புப் பதிப்புகளை விட்டுவிட்டு, முதலில் வந்த பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆல்பத்திலும் இல்லாத தனிப்பாடலின் புகழை அருகில் இருக்கும் ஆல்பத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். 2024இல் உலகையே ஆட்டிவைத்த நாட் லைக் அஸ், அடுத்த பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது. அந்தப் பாடல் ஜிஎன்எக்ஸில் இல்லை. ஆனால் மருமகன் ஜிஎன்எக்ஸுக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் பாதி அந்தப் பாடலுக்குரியது என்பதை அவனே இரண்டாவது வாரம் ஒப்புக்கொண்டான்.

படி 3: கேட்பதற்கு முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், எதையும் மறுபடி கேட்காமல், இப்போது உங்கள் மனத்தில் உள்ள வரிசையை எழுதுங்கள். பிறகு ஒவ்வோர் ஆல்பத்துக்கும் எதிரே மூன்று விவரங்கள்: முதலில் கேட்டபோது என்ன வயது, எங்கே இருந்தீர்கள், அப்போது வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது.

என் பக்கத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போயிற்று. குட் கிட் வெளியானது 2012 அக்டோபர். நான் அப்போது தேசிய சேவையில், தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தேன். அப்போதெல்லாம் கேமரா உள்ள கைப்பேசியை முகாமுக்குள் விடமாட்டார்கள். கேமரா இல்லாத ஒரு பழைய கைப்பேசியில் அந்த ஆல்பத்தை ஏற்றி வைத்திருந்தேன். ஞாயிறு மாலை பாசிர் ரிஸ் வந்து, பஸ் பிடித்து, படகேறித் தீவுக்குத் திரும்புகிற நேரம் முழுக்க அதுதான் காதில். கதையின் நாயகன் அம்மாவின் வேனை வாங்கிக்கொண்டு ஊர்சுற்றப் போன பையன். வேனைக் கொண்டுவா என்று அம்மா தொலைபேசியில் குரல் பதிவு விட்டுக்கொண்டே இருப்பார். என் அம்மா அந்த வாரம் கொடுத்தனுப்பிய புளியோதரைப் பொட்டலம் மடியில் இருக்கும். அந்தக் குரலைக் கேட்டு அழாமல் இருந்தது உடன் வந்த பயிற்சி வீரர்களுக்கு அஞ்சித்தான்.

அப்படியென்றால் பதின்மூன்று ஆண்டுகளாக நான் முதலிடம் கொடுத்து வந்தது ஆல்பத்துக்கா, புளியோதரைக்கா? வரிசைப் பட்டியல்கள் பலவும் கேட்டவரின் வயதைத்தான் வரிசைப்படுத்துகின்றன. 19 வயதில் கேட்டது மேலே போகும், திருமணமாகிக் குழந்தை அழும் வீட்டில் கேட்டது கீழே போகும். மிஸ்டர் மொரால் வந்த 2022 மே மாதம் என் மகளுக்கு நாற்பது நாள். அந்த ஆல்பத்தை நான் ஒரே ஒரு முறை, அதுவும் பால் புட்டி கழுவிக்கொண்டே கேட்டிருந்தேன். ஐந்தாவது இடம் கொடுத்திருந்தேன்.

மருமகனின் பக்கத்தில் வேறு கதை. டேம்ன் வந்தபோது அவன் தொடக்கப்பள்ளியில் இருந்தான். ஜிஎன்எக்ஸ்தான் வெளியான அன்றே அவன் கேட்ட ஒரே ஆல்பம். முன்னறிவிப்பே இல்லாமல் வந்து விழுந்த அந்த நாளின் பரபரப்பு அவனுக்குச் சொந்தமானது. மற்ற ஐந்தும் பெரியவர்கள் விட்டுப்போன சொத்து.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஆறாம் படியில் தேவைப்படும்.

படி 4: அளவுகோல்

ஐந்து போதும். நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்கள்: சொல், நடை, இசை, கோப்பு, ஆயுள்.

சொல் என்பது எழுத்து. தமிழில் எதுகையும் மோனையும் படித்தவர்களுக்கு இது எளிது. நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் விழும். ராப்பில் ஓசை ஒப்புமை பெரும்பாலும் வரியின் முடிவில், இயைபாக விழும். ஓரசை ஒத்துவருகிறதா, நான்கைந்து அசைகள் சேர்ந்து ஒத்துவருகின்றனவா, அந்த ஒப்புமைக்காகப் பொருளை வளைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

நடை என்பது குரல் தாளத்தின் மேல் நடக்கும் விதம். மிருதங்க வகுப்புக்குப் போனவர்களுக்குச் சமம், அதீதம், அனாகதம் என்ற மூன்று எடுப்புகள் தெரிந்திருக்கும்: தாளத்தோடு சேர்ந்து தொடங்குவது, தாளத்துக்கு முன்பே தொடங்குவது, தாளம் விழுந்த பின் தொடங்குவது. நல்ல ராப்பர் ஒரே பாடலில் மூன்றையும் செய்வார். கெண்ட்ரிக் ஒரே பாடலில் குரலையும் மாற்றுவார்: சிறுவனின் கீச்சுக்குரல், குடிகாரனின் குழறல், மதபோதகரின் முழக்கம்.

இசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். கோப்பு என்பது பாடல்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட முறை. ஆயுள் என்பது மீண்டும் போடத் தோன்றுகிறதா என்பது.

எதற்கு எவ்வளவு எடை என்பதைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பின்னால் எழுதினால் பிடித்த ஆல்பம் ஜெயிக்கும்படி எடையை நகர்த்துவீர்கள்; நான் செய்திருக்கிறேன். கெண்ட்ரிக்குக்கு நான் வைத்த வரிசை சொல், கோப்பு, நடை, இசை, ஆயுள். நடன அரங்குக்காகவே பாடும் ஒருவரை எடுத்துக்கொண்டால் இசையும் ஆயுளும் முன்னால் வர வேண்டும். பத்துக்கு ஏழு புள்ளி எட்டு என்று மதிப்பெண் போடாதீர்கள். ஏழு புள்ளி எட்டுக்கும் ஏழு புள்ளி ஒன்பதுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒவ்வோர் அளவுகோலுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும்.

விருதுகளை அளவுகோலாக எடுக்கக் கூடாது. டேம்ன் 2018இல் புலிட்சர் பரிசு பெற்றது. செவ்வியல், ஜாஸ் இரண்டுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் முறை. பெரிய சேதிதான். ஆனால் குட் கிட் 2014இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமியை மெக்கல்மோர், ரையன் லூயிஸ் இணையிடம் இழந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், நடுவர் குழுக்களின் பின்னால் நாம் நடக்க வேண்டியதில்லை என்பது புரியும்.

படி 5: மூன்று முறை கேட்பது

ஆறு ஆல்பங்களும் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மூன்று முறை என்றால் 19 மணி நேரம். வாரத்துக்கு ஓர் ஆல்பம் என்று வைத்தால் ஒன்றரை மாதம்.

முதல் முறை வெளியான ஆண்டு வரிசையில், வரிகளைப் படிக்காமல், வேறு வேலை செய்யாமல். வீட்டில் இது நடக்காது. ரயிலில் நடக்கும். பட்டர்ஃப்ளையின் நீளம் 79 நிமிடம். கிழக்கு மேற்குப் பாதையில் பாசிர் ரிஸ்ஸில் ஏறித் துவாஸ் லிங்க் போய்ச் சேர ஆகும் நேரத்துக்கு அது ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை அதைச் செய்தேன். பாடல்களுக்கு நடுவே ஒரு கவிதை வரி வரியாக வளர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து சொல்லி, ஒரு துண்டு கூட்டுவார். தனித்தனிப் பாடலாகக் கேட்டிருந்த காலத்தில் அது ஏதோ பேச்சு என்று தாண்டிப் போயிருக்கிறேன். தியோங் பாருவைக் கடந்து ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் அந்தக் கவிதை என்ன செய்கிறது என்று உறைத்தது. கடைசிப் பாடலில் அது முழுமையாகிறது. அதை அவர் வாசித்துக் காட்டுவது 1996இல் இறந்துபோன ராப் கலைஞர் டூபாக்குக்கு. 1994ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றின் குரல் பதிவை எடுத்து, தான் கேள்வி கேட்பது போலவும் அவர் பதில் சொல்வது போலவும் ஒட்டியிருக்கிறார்கள். துவாஸ் லிங்க்கில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. நமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் எல்லாம் புரிகிறது என்று எண்ண வேண்டாம். கெண்ட்ரிக்கின் ஊரான காம்ப்டன் தெருக்களின் பேச்சு வேறு ஆங்கிலம். நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலம் வெளியூர்க்காரருக்கு எப்படி இருக்குமோ அப்படி. ஜிஎன்எக்ஸ் என்பது 1987ஆம் ஆண்டுப் பியூக் கார் ஒன்றின் பெயர், கெண்ட்ரிக் பிறந்ததும் அதே ஆண்டு என்று தெரிந்தால், வெறும் பெருமையடித்தலாகத் தோன்றிய பாடல்கள் ஊர்க்கதையாக மாறுகின்றன.

மூன்றாவது முறை பாடல் வரிசையைக் குலைத்துக் கேளுங்கள். எந்த நட்டமும் இல்லையென்றால் கோப்பு பலவீனம் என்று பொருள். செக்‌ஷன் எயிட்டி குலைத்த பிறகும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. குட் கிட் சிதறிப் போயிற்று. டேம்ன் கதை தனி. அதன் கடைசிப் பாடல் முடியும்போது நாடா பின்னோக்கிச் சுழன்று முதல் வரிக்கே போய்ச் சேரும். 2017 டிசம்பரில் பாடல்களைத் தலைகீழாக அடுக்கி இன்னொரு பதிப்பும் வந்தது. இரு திசையிலும் கேட்டுப் பார்த்தேன். முன்னோக்கிக் கேட்டால் ஒருவன் வீழ்வது போல இருக்கிறது. பின்னோக்கிக் கேட்டால் பிழைத்துக்கொள்வது போல.

ஒரு நாளில் இரண்டு ஆல்பம் கேட்காதீர்கள். இரண்டாவது எப்போதும் தோற்கும்.

படி 6: சீட்டுகளை மோதவிடுவது

ஆறையும் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்த மூளை மறுக்கும். இரண்டில் எது என்றால் உடனே சொல்லும். ஆறு ஆல்பங்களுக்கு 15 இணைகள். 15 சீட்டு எழுதி, புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடைக்குப் போனோம். அவனுக்கு மைலோ, எனக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். சீட்டைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, குறிப்புகளைப் பார்த்துவிட்டு, இருவரும் தனித்தனியே வெற்றி பெற்றதை எழுதினோம். ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. எழுதும்வரை பேசக் கூடாது.

என் கணக்கு முடிந்ததும் சிக்கல். குட் கிட் பட்டர்ஃப்ளையை வென்றது. பட்டர்ஃப்ளை டேம்னை வென்றது. டேம்ன் குட் கிட்டை வென்றது. மூன்றுக்கும் தலா நான்கு வெற்றி. மிஸ்டர் மொராலுக்கு இரண்டு, ஜிஎன்எக்ஸுக்கு ஒன்று, செக்‌ஷன் எயிட்டிக்குச் சுழியம்.

இப்படி வட்டம் விழுந்தால் பதறாதீர்கள். மூன்று சீட்டுகளில் எதற்கு அதிகம் தயங்கினீர்களோ அதை மட்டும் மறுபடி எடுங்கள். நான் தயங்கியது டேம்னும் குட் கிட்டும் மோதிய சீட்டில். ஏன் டேம்ன் என்று எழுதினேன் என்று மருமகன் கேட்டான். குறிப்பைப் பார்த்தேன். சொல்லில் குட் கிட், கோப்பில் குட் கிட், நடையில் இரண்டும் சமம். என் சொந்தக் குறிப்பே குட் கிட் என்றது. மூன்றாம் படியில் எழுதிய பக்கத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தெக்கோங் படகுக்குப் பயந்து அந்த ஆல்பத்தைத் தண்டித்திருந்தேன். சொந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக வகுப்பில் அவனுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரைப் போல. அந்தச் சீட்டைத் திருத்தினேன். ஐந்து வெற்றியோடு குட் கிட் முதலிடத்துக்குப் போனது. பட்டர்ஃப்ளைக்கு நான்கு, டேம்னுக்கு மூன்று.

படி 7: கடைசி இடத்தைப் பற்றி எழுதுவது

முதலிடத்துக்குக் காரணம் சொல்வது எல்லோருக்கும் வரும். கடைசி இடத்துக்குக் காரணம் எழுதுங்கள், அதுவும் அதிலுள்ள மிகச் சிறந்த பாடலைக் குறிப்பிட்டு. செக்‌ஷன் எயிட்டி வெளியானபோது கெண்ட்ரிக்குக்கு 24 வயது. ரிகமோர்ட்டிஸ் என்ற பாடலில் மூச்சுவிடாமல் துரித காலத்தில் அவர் ஓடுவதைக் கேட்டால், பின்னால் வரப்போகும் எல்லாம் அதில் இருப்பது தெரியும். ஆனால் 16 பாடல்களில் நான்கைந்து இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அதனால் ஆறாவது. மோசமான ஆல்பம் என்பதால் அல்ல. இதை எழுதாமல் வெறும் எண்ணைப் போட்டால் படிப்பவர் அதைக் குப்பை என்று எடுத்துக்கொள்வார்.

நடு இடங்கள்தான் கடினம், அங்கே நேரம் செலவிடுங்கள். மிஸ்டர் மொரால் எனக்கு ஐந்திலிருந்து நான்குக்கு ஏறியது. சிகிச்சையாளர் முன் உட்கார்ந்து ஒருவன் தன் குடும்பத்தின் அழுக்கையெல்லாம் கொட்டுவது போன்ற 18 பாடல்கள். கணவன் மனைவி சண்டை ஒன்று முழுப்பாடலாகவே வரும். மனைவி உள்ள வீட்டில் ஒலிபெருக்கியில் போட்டுவிடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். சொல்லில் பட்டர்ஃப்ளைக்கு இணை, ஆயுளில் ஆறிலும் கடைசி. மனம் தைரியமாக இருக்கும் நாளில் மட்டுமே அதைப் போட முடிகிறது.

படி 8: பட்டியலை மாற்றிக்கொள்வது

இருவரும் இறுதிப் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொண்டோம். என்னுடையது: குட் கிட், பட்டர்ஃப்ளை, டேம்ன், மிஸ்டர் மொரால், ஜிஎன்எக்ஸ், செக்‌ஷன் எயிட்டி. அவனுடையதில் டேம்ன் முதலிடம், குட் கிட் இரண்டு, ஜிஎன்எக்ஸ் மூன்று. பட்டர்ஃப்ளை அவனிடம் இன்னும் ஐந்தாவதுதான். "மதிப்பாக இருக்கிறது மாமா, ஆனால் பாடம் நடத்துகிறார்" என்றான். துவாஸ் லிங்க் வரை போய்வா என்றேன். மாட்டேன் என்றான்.

மற்றவர் பட்டியலில் ஒரே ஓர் இடத்தை மட்டும் எதிர்த்து வாதாடலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்தையும் எதிர்க்கத் தொடங்கினால் தீபாவளிச் சண்டை மறுபடி வரும். ஆறு மாதம் கழித்து, பழைய நோட்டைத் திறக்காமல், 15 சீட்டுகளை மறுபடி எடுங்கள். இடம் மாறாத ஆல்பங்களை நம்பலாம்.

எங்களுக்கு அந்த ஆறு மாதம் இன்னும் ஆகவில்லை. மருமகனுக்குத் தேசிய சேவை அழைப்பு வந்துவிட்டது. படகில் எதைக் கேட்டுக்கொண்டு போவாய் என்று கேட்டேன். செக்‌ஷன் எயிட்டி என்றான். அவன் பட்டியலிலும் அதற்குக் கடைசி இடம்தான்.